கதிர் வராத முப்பது சென்ட்

எனக்கு, சரக்கைத் திருப்பி அனுப்புகிற உத்தியோகம். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். வெளியிலிருந்து வருகிற பொருளை அளந்து பார்ப்பேன். பிசகு இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, எந்த லாட், அதாவது எந்தத் தடவை வந்த சரக்கு, யார் அனுப்பியது என்று பிடித்து, அவர்கள் தலையிலேயே திருப்பிக் கட்டிவிடுவேன். என் வீட்டுக்காரர் புருஷோத்தமன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கல்யாணமான நாளிலிருந்து தன் முதுகிலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் மறுத்ததில்லை.

இந்த வருஷம் நான் ஸ்டிக்கர் ஒட்டியது நெல்லுக்கு. அதில்தான் எல்லாம் குழம்பிப்போனது.

சேரப்பணஞ்சேரியில் ரோட்டை ஒட்டி எங்களுக்கு நாற்பது சென்ட் நிலம் இருக்கிறது. வழக்கமாகக் கடையில் விற்கும் குட்டை ரக நெல்தான் போடுவோம். நூற்றுப்பத்து நாளில் அறுத்துப்போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். போன கிறிஸ்துமஸுக்கு ஜெபமணி அக்கா வீட்டில் சாப்பிட்டேன். அந்தச் சோற்றுக்குக் குழம்பே வேண்டியிருக்கவில்லை. வெறும் உப்பைப் போட்டுப் பிசைந்து இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்கா முன்பு ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவர். பஸ்ஸில் பழக்கம். இடுப்பு வலி வந்து வேலையை விட்டபின், ஊருக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரைக்குக் கீழே பழைய சம்பா ஒன்றைப் பயிர் வைத்து, கேட்டவர்களுக்கு விதை கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நெல்லுக்குப் பேர் கிடையாது. ஊரில் ஜெபமணி நெல் என்பார்கள்.

"ஆறு மாசம் நிக்கும் சசி. உனக்குப் பொறும கெடையாது. யோசிச்சிக்கோ" என்று சொல்லித்தான் இரண்டு மஞ்சப் பையில் விதை கொடுத்தார். மழையை நம்பாமல் மற்றவர்கள் எல்லாரும் இந்த வருஷம் குட்டை ரகத்துக்கே போய்விட்டார்கள். அந்த நெல்லை வைத்தது அக்காவும் நானும் மட்டும்தான்.

கார்த்திகையில் அக்காவின் வயல் கதிர் தள்ளியது. என் வயல் தள்ளவில்லை. பயிர் நோஞ்சானாக இருந்தால் மனசு ஆறியிருக்கும். இடுப்பளவு உயரம், கரும்பச்சை நிறம், ஒரு தூருக்கு இருபது இருபத்தைந்து கிளை. கதிர் மட்டும் இல்லை. குருத்தைப் பிளந்து பார்த்தால் உள்ளே இன்னொரு இலை, அதற்குள்ளும் ஒரு இலை. மார்கழி பிறந்தும் இலைதான் வந்தது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் யூரியா அதிகம் என்றார். யூரியா வாங்கிவந்து போட்டவரே அவர்தான். உரக்கடையில் மணிச்சத்து குறைச்சல் என்று சொல்லி ஒரு பாட்டிலைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். அடித்தோம், இலை இன்னும் பளபளத்தது. டீக்கடையில் ஒருவர் கம்பெனித் தண்ணீர் நிலத்தடியில் இறங்கியிருக்கும் என்றார். அப்படியானால் ரோட்டுக்கு எதிர்ப்புறம் சங்கரநாராயணன் வயலுக்கு என்ன வந்தது? அதே கிணற்றுத் தண்ணீர், அதே மண். அவருடைய குட்டை ரகம் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் பஸ்ஸுக்குப் போகவேண்டும். அவர் வேறு வரப்பில் நின்று, "இன்னா சசி, மாட்டுக்கா போட்டுகீற?" என்று கேட்பார்.

எனக்கு எதுவும் விளங்கவில்லை. ஒரு நாள் வயலைச் சுற்றி வந்தபோது, ரோட்டிலிருந்து தள்ளியிருந்த மூலையில் மட்டும் பத்து சென்ட் அளவுக்குக் கதிர் வந்திருப்பதைப் பார்த்தேன். அந்த மூலையைத்தான் கடைசியாக நட்டோம். இரண்டாவது பை விதையின் நாற்று அங்கேதான் போயிற்று. உடனே என் உத்தியோக புத்தி வேலை செய்துவிட்டது. முதல் பையில் கலப்பட விதை, இரண்டாவது பையில் நல்ல விதை. லாட் பிடிபட்டது, அனுப்பியவர் யார் என்பதும் தெரியும்.

போட்டோ எடுத்து, கதிர் இல்லாத முப்பது சென்ட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஊர் விவசாயிகள் வாட்ஸ்அப் குரூப்பில் விட்டேன். "ஜெபமணி விதையில் கலப்படம். வாங்குகிறவர்கள் சோதித்து வாங்கவும்." கம்பெனியில் பொருள் அனுப்பியவரிடம் எங்களுக்கு வாய்ப்பேச்சே கிடையாது; ரிப்போர்ட்தான் முதலில் போகும். அந்தப் பழக்கத்தில் அக்காவுக்கு ஒரு போன் போட எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டிலிருந்து அவர் வயல் சைக்கிள் மிதிக்கிற தூரம்.

கால் மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"இன்னா சசி இது?"

"இருக்கறதைத்தான் போட்டுகீறேன்க்கா."

"ரெண்டு பையும் ஒரே குவியல்ல அள்ளினது."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் கதிர் வரல? நீங்களே சொல்லுங்க."

"தெரியல" என்றார். அப்புறம் வைத்துவிட்டார். அதன்பின் நான் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை.

அடுத்த வருஷத்துக்கு விதை சொல்லி வைத்திருந்த நாலு பேரும் வேண்டாம் என்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மார்கழிக் கடைசியில் அக்கா அறுவடை செய்தார். அறுத்த கையோடு வயலை உழுது உளுந்து தெளித்துவிட்டார். என் வயலிலோ, கதிர் வந்த அந்த ஒரு மூலையையும் குருவியும் எலியும் ஒரு வாரத்தில் பதராக்கிவிட்டன. சுற்றுவட்டாரத்தில் அந்தச் சமயம் பால் பிடித்து நின்றது அது ஒன்றுதான். வேறெங்கே போகும் அதுகள்.

தை இரண்டாவது வாரம் ஷிப்டு பஸ்ஸில் ரஞ்சனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் தெருப் பெண், அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருக்கிறாள்.

"அக்கா, ஜெபமணியக்கா வெதைக்கு வெச்சிருந்த அஞ்சு மூட்டையையும் சனிக்கெழம அவிக்கப் போறாங்களாம். யாரும் வாங்க மாட்டாங்களாம், அரைச்சி சாப்ட்டுக்கலாம்னு சொன்னாங்களாம்."

அவித்த நெல் சோறாகும், முளைக்காது. அந்த ஐந்து மூட்டையும் வெந்துபோனால் அந்த நெல் அத்தோடு சரி. "அவிக்கட்டும், கலப்பட நெல்தானே" என்று சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உதவி வேளாண் அலுவலர் பிரவீனா வந்தாள். தென்காசிப் பெண். குரூப்பில் என் போட்டோவைப் பார்த்ததிலிருந்து மூன்று வாரமாக வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். வரப்பில் நின்று பார்த்தவுடனே உதட்டைப் பிதுக்கினாள்.

"இது கலப்படம் மாதிரி இல்லையேக்கா. கலப்படம்னா வயல் பூராவும் அங்கொண்ணு இங்கொண்ணாத்தான் கெடக்கும். இங்க கோடு போட்டுப் பிரிச்ச மாதிரில்லா இருக்கு."

"கோடுதான். முதல் பைக்கும் ரெண்டாவது பைக்கும் நடுவுல இருக்கற கோடு."

"அளந்து பாத்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷம் அளந்தே சம்பளம் வாங்குகிறவள், இதை மட்டும் அளக்காமல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். வீட்டுக்குப் போய் டேப் எடுத்துவந்தேன். இரண்டாவது பை நாற்று வரப்பிலிருக்கும் பனைமரத்துக்கு நேரே தொடங்கியது. நடவு ஆட்கள் அங்கே நிறுத்தி டீ குடித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது நேர்கோடு. கதிர் வந்த பயிருக்கும் வராத பயிருக்கும் நடுவில் இருந்த கோடு நேராகப் போகவில்லை, வளைந்து போனது. பனைமரக் கோட்டை ஒரு இடத்தில் குறுக்கே வெட்டியது. அதாவது, இரண்டாவது பை நாற்றிலும் பாதிக்குக் கதிர் இல்லை.

எட்டு இடத்தில் அளந்து ஷிப்டு நோட்டில் புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்தால் வட்டத்தில் கால் பங்கு கிடைத்தது. அதன் நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்தேன். ரோட்டோர மூலையில், விளக்குக் கம்பத்தில் விழுந்தது.

கூடவே டேப் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "கரண்ட் லீக் ஆவுதோ இன்னமோ" என்று காலைத் தூக்கி வரப்பின் மேல் வைத்துக்கொண்டார்.

பிரவீனா கம்பத்தையே அண்ணாந்து பார்த்தாள். "இந்த லைட்டு எப்பம் போட்டது?"

"ஆனி மாசம்."

"ராத்திரி பூரா எரியுமா?"

எரியும். அந்த விளக்கை வாங்கியவளே நான்தான். இரண்டாவது ஷிப்டு முடிந்து வருகிற பஸ் பதினொன்றரைக்கு எங்களை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து தெரு வரைக்கும் இருட்டு. போன வருஷம் பைக்கில் வந்த ஒருத்தன் ரஞ்சனியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து அவளைக் கீழே தள்ளினான். அதற்கப்புறம் பஞ்சாயத்துக்கு ஏழு மனு கொடுத்து, சண்டை போட்டு வாங்கிய விளக்கு அது. தெருப் பெண்கள் அதைச் 'சசிரேகா லைட்டு' என்பார்கள். எனக்கு உள்ளூர அதில் பெருமைதான்.

"நெல்லு பகல எண்ணாதுக்கா, ராத்திரியத்தான் எண்ணும்" என்றாள் பிரவீனா. இலைதான் இருட்டை அளக்குமாம். ஐப்பசிக்கு மேல் இரவு நீண்டு, போதுமான இருட்டு தொடர்ந்து கிடைத்தால், இலையிலிருந்து குருத்தின் நுனிக்கு ஒரு சேதி போகுமாம். அதுவரை இலையாகவே போட்டுக்கொண்டிருந்த நுனி அன்றிலிருந்து கதிராக மாறுமாம். வங்காளத்திலும் கம்போடியாவிலும் தாழ்ந்த நிலத்துப் பழைய நெல் எல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. முன்னே பின்னே நட்டாலும் வெள்ளம் வடிகிற சமயத்தில் ஒன்றாகப் பூக்கும். குட்டை ரகங்களை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கையே எடுத்துவிட்டார்களாம். அதனால்தான் அவை எந்த நாட்டிலும் எந்த மாதத்திலும் விளைகின்றன. சங்கரநாராயணன் நெல் விளக்குக்கு அடியிலேயே பழுத்ததும் அதனால்தான்.

"ஜப்பான்ல தெருவிளக்கு ஓரத்து நெல்லு பிந்திக் கதிர் தள்ளும்னு படிச்சிருக்கேன். நேர்ல இப்பத்தான் பாக்கேன்" என்றாள். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

விதையில் குற்றமில்லை. என் வயலுக்கு ஆறு மாதமாக ராத்திரியே வரவில்லை. அதற்கு நான்தான் காரணம். அப்போதுதான் அன்றைக்குச் சனிக்கிழமை என்பது உறைத்தது.

ஆட்டோவில் போனோம். அக்கா வீட்டு வாசலில் இரண்டு பெரிய அண்டாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. தார்ப்பாயில் அவித்த நெல் பரப்பியிருந்தது. அக்கா காலால் கிளறிவிட்டபடி நடந்துகொண்டிருந்தார். நான் நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கொட்டினேன். விளக்கு, இருட்டு, வட்டம், டேப், ஜப்பான் எல்லாம் முன்னே பின்னேயாக வந்தன. அவர் கிளறுவதை நிறுத்தினார்.

"எத்தினி மூட்ட மீதி கீதுக்கா?"

"விடியறப்பவே பத்த வெச்சது. அஞ்சும் வெந்துடுச்சி."

குனிந்து ஒரு பிடி நெல்லை அள்ளி என் முன்னே நீட்டினார். உமி வாய் பிளந்து, சூடாக இருந்தது.

"குரூப்புல போட்டத குரூப்புலயே அழிச்சிடுவ. இத இன்னா பண்ணுவ?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. நெல்லை மறுபடி பாயில் போட்டுவிட்டுக் கிளறத் தொடங்கினார்.

அன்றைக்கே குரூப்பில் எழுதினேன். விதை நல்ல விதை, தப்பு என்னுடையது, ஜெபமணி அக்காவை அளக்காமல் குற்றம் சொன்னேன் என்று பட்டவர்த்தனமாகப் போட்டேன். சிலர் கும்பிடு போட்டார்கள். சிலர் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். சங்கரநாராயணன் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினார்.

அந்த நெல்லில் உயிரோடு மிச்சம் இருந்தது என் முப்பது சென்ட்தான், நான் கழித்துக்கட்டிய அதே பயிர். இருட்டு கிடைத்தால் அது இப்போதும் கதிர் தள்ளும், ஆனால் மாசிக்கு மேல் இரவு குறுகிவிடும், சீக்கிரம் செய்யுங்கள் என்றாள் பிரவீனா. நான் புத்திசாலித்தனமாக ஒரு வழி சொன்னேன். இரவெல்லாம் அணைத்துவிட்டு, பஸ் வரும் நேரத்தில் இருபது நிமிஷம் மட்டும் எரியவிட்டால்?

"அதுவும் இதே கதைதான்க்கா. நடுராத்திரியில பத்து நிமிஷம் வெளிச்சம் பட்டாக்கூட நீளமான ராத்திரி ஒடைஞ்சி ரெண்டு சின்ன ராத்திரியாப் போயிரும். பயிர் அப்படித்தான் எடுத்துக்கிடும்."

மறுநாள் ரஞ்சனியிடம் மெதுவாகக் கேட்டேன். ஒரு மாசம், மிஞ்சினால் ஒன்றரை மாசம் அணைத்து வைத்தால் என்ன என்றேன்.

"நீங்க சொன்னா அணைச்சிக்கலாம்க்கா" என்றாள். "நான் வேலய வுட்டுர்றேன். அவ்ளோதான்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உடம்பு கூசியது. ஒரு பக்கம் அந்தப் பெண், ஒரு பக்கம் அக்காவின் நெல். இரண்டும் என்னால்தான் இங்கே வந்து நின்றன. இரண்டு நாள் யார் எது கேட்டாலும் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னேன். கம்பெனியில் சரியாக இருந்த ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் பெட்டியைத் திரும்பத் தூக்கிவரும்போதுதான் தோன்றியது. இந்தப் பயிர் ஏற்கெனவே ஒரு தடவை இடம் மாறியதுதானே. நாற்றங்காலில் பிடுங்கி வயலில் நட்டோம். இன்னொரு தடவை பிடுங்கினால் என்ன? விளக்கு நகராது, ரஞ்சனி நகர முடியாது. நெல் நகரலாம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் எண்பது தூர்களை மண்ணோடு பெயர்த்து, கம்பெனியில் கழித்துப்போட்ட நீலக் கிரேட்டுகளில் அடுக்கினோம். "பயிருக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் குடுத்த மொத ஆளு நீதான்டி" என்றார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அடுத்த கிரேட்டைத் தூக்கினார்.

ஆட்டோவில் ஏற்றி அக்கா வயலுக்குக் கொண்டுபோனோம். அவர் கிணற்றோரம் நின்றிருந்தார். நாற்றங்கால் விட்ட ஐந்து சென்ட் துண்டு அங்கே சும்மா கிடந்தது. சுற்றிலும் விளக்கே கிடையாது. கிரேட்டுகளைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"முத்திப்போன பயிரு. புடிக்காது."

"புடிக்கலன்னா?"

"புடிக்கலன்னா இல்ல."

பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அரிவாளால் இலை நுனியைச் சீவிவிட்டு, ஒவ்வொரு தூரையும் ஐந்தாறாகப் பிரித்து நட்டார். என்னை இறங்கு என்று சொல்லவில்லை, நானாக இறங்கினேன். நான் நட்ட வரிசையில் பாதியைப் பிடுங்கி மறுபடி நட்டார். சாயங்காலம் வரை நட்டோம்.

அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாத நாட்கள். போனை எடுக்கமாட்டார். அந்தப் பக்கம் சவாரி போகிற வீட்டுக்காரர் சேதி கொண்டுவருவார். இலை பழுக்குது என்பார். நாலு நாள் கழித்துப் புதுக் குருத்து வந்திருக்குது என்பார். அது இலைக் குருத்தா, கதிர்க் குருத்தா என்று கேட்டால், "நான் என்னா அத்த ஸ்கேன் பண்ணியா பாத்தேன்" என்பார். என் வயலில் மிச்சமிருந்ததை மாட்டுக்கு அறுத்துக் கொடுத்துவிட்டேன்.

பங்குனி பிறந்த வாரம், காலையில் போன் வந்தது. "பத்து மணிக்கு வா" என்றுமட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

போனேன். கிணற்றோரத் துண்டில் கதிர் வந்திருந்தது. எல்லாத் தூரிலும் இல்லை. பாதிக்குக் கொஞ்சம் மேல். அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தார். நெல் பூப்பதை நான் அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. வெயில் ஏற ஏற ஒவ்வொரு மணியாக வாய் திறந்தது. உள்ளிருந்து வெளுத்த மகரந்தப் பைகள் நூலில் தொங்கின. காற்று பட்டால் பொடி பறந்தது.

"தொடாத" என்றார்.

"எவ்ளோ வரும்க்கா?"

"ஒரு மரக்கா வந்தா ஜாஸ்தி. அடுத்த வருசம் அத்தப் பெருக்கணும். அப்பால கேக்கறவங்களுக்குக் குடுக்கணும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவில் வாயை அடக்கத் தெரியவில்லை. "ஏரிக்கரைக்குப் பின்னாடி குத்தகைக்கு ஒரு துண்டு பாத்து வெச்சிகீறேன்க்கா. லைட்டே கெடையாது. அடுத்த வருசம் எனக்கு ஒரு புடி குடுத்தீங்கன்னா…"

"உனக்குத் தரமாட்டேன் சசி."

சாதாரணமாகத்தான் சொன்னார். மணி என்ன என்று கேட்டால் சொல்வது போல.

"லைட்டுக்காவ சொல்லல. லைட்ட அணைக்காத, பொண்ணுங்க நடக்கற வழி. எனக்கே கதிர் ஏன் வரலன்னு தெரியல, உனக்கு எப்டி தெரியும். ஆனா நீ என்னாண்ட வந்து ஒரு வார்த்த கேக்கல. ஒரு சைக்கிள் தூரம்."

அவர் சொன்னது நியாயம் என்று தெரிந்ததால் இன்னும் வலித்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அவர் கதிரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஒக்காரு. கொஞ்ச நேரத்துல மூடிக்கும். பாத்துட்டுப் போ" என்றார்.

உட்கார்ந்தேன். பூவெல்லாம் மூடிக்கொள்ளும் வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னை மன்னித்துவிட்டாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மறுநாளும் பத்து மணிக்குப் போனேன். வராதே என்று அவர் சொல்லவில்லை.